மறுமொழி: ஸ்டீயரிங் டாம்பருக்குத் தமிழ்ச் சொல்

சேலம், திங்கள் இரவு

அன்பர்களே, காட்டுப்பாதை பைக்குகளில் கைப்பிடித் தண்டின் நடுவில், ஹேண்டில் வெடுக்கென்று வெட்டாமல் அடக்கப் பூட்டும் ஸ்டீயரிங் டாம்பருக்கான பொருத்தும் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போக வேண்டும். இப்போதைக்கு ‘திசைமாற்றி அதிர்வடக்கி’ என்று போட்டிருக்கிறேன். வாயில் நுழையவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

மதுரை, செவ்வாய் காலை

பதினோராம் வகுப்பு இயற்பியலில் டாம்பிங் உள்ள அலைவுகளுக்குத் ‘தடையுறு அலைவுகள்’ என்றே பெயர். அந்த வேரையே பிடியுங்கள்: திசைமாற்றித் தடுப்பான்.

கோவை, செவ்வாய் மதியம்

> திசைமாற்றித் தடுப்பான்

ஐயா, ‘தடு’ என்றால் கைப்பிடியைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும் கருவி என்றே படிப்பவர் நினைப்பார். இது அப்படியில்லை. எண்ணெய் நிரம்பிய உடற்பகுதி கைப்பிடியோடு திரும்பும். உள்ளிருக்கும் தகடு, ஓர் இணைப்புக் கை வழியாகச் சட்டத்தில் நட்ட முளையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். தகட்டின் ஒரு பக்கத்து எண்ணெய் சின்னத் துளை வழியாக மறுபக்கம் போயாக வேண்டும். மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் வழிவிடும். முன்சக்கரம் கல்லில் மோதி ஹேண்டில் வெடுக்கென்று வெட்டினால் முரண்டு பிடிக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் குமிழைத் திருகி இறுக்கும் உராய்வு வில்லை இருந்ததே, அதற்கு வேண்டுமானால் தடுப்பான் பொருந்தும்; எந்த வேகத்தில் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே இறுக்கம்.

‘அதிர்வு’ம் முழுக்கச் சரியில்லை. தார்ச்சாலையில் வேகத்தில் வருவது உதறல், அதாவது இடம் வலமாக மாறி மாறி ஆடுவது. பாறையிலும் வேரிலும் வருவது பெரும்பாலும் ஒற்றை வெட்டு. கருவி இரண்டையும் சமாளிக்கிறது.

கையேட்டில் இவற்றை விட்டுவிடாதீர்கள். முளைக்கும் இணைப்புக் கைக்கும் நடுவே லூஸ் இருந்தால் நேர்நிலையில் முதல் சில பாகைக்கு டாம்பர் வேலையே செய்யாது. வெட்டு தொடங்குவதே அங்கேதான். இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள்: சட்டத்தின் நிறுத்தம்தான் முதலில் முட்ட வேண்டும், டாம்பரின் தகடு முட்டினால் உள்ளே உடையும். எல்லாவற்றுக்கும் முன்னால் கோன்செட், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வண்டியின் கழுத்தில் திரும்ப உதவும் பேரிங். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். லொடலொடத்தால் டாம்பரை இறுக்கி அதை மறைக்கக் கூடாது. ஃபோர்க்கைக் கிளாம்பில் மிக மேலே ஏற்றிக் கட்டியிருந்தாலும் இதே கதைதான், அதையும் டாம்பரால் மறைக்கக் கூடாது.

அளவு வைக்கும்போது டாம்பரின் இறுக்கக் குமிழை முழுக்கத் தளர்த்திவிட்டு, ஒரே தடத்தில் ஓட்டி ஓட்டி ஒவ்வொரு கிளிக்காகக் கூட்ட வேண்டும். நடைவேகத் திருப்பத்தில் கைப்பிடி கனத்தால் ஒரு கிளிக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மெதுவாகப் போகும்போது சமநிலைக்குச் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்கள் பிந்தும், வண்டி பாம்புபோல் நெளியும், முன்கையும் சோர்ந்துவிடும்.

தஞ்சாவூர், செவ்வாய் இரவு

கோவை நண்பர் விளக்கியதைப் படித்ததும் ‘தணி’ என்று தோன்றியது. தண் என்றால் குளிர்ச்சி, அதிலிருந்து தணிதல். சினம் தணிந்த இடம் தணிகை. சுவாலை அடங்கிக் கனன்றுகொண்டிருப்பது தணல். தணிந்தது அணைந்துபோவதில்லை, திரும்பவும் திரும்பும்! தணி தன்வினை, தணிப்பு பிறவினை. ஆகவே தணிப்பி.

சென்னை, புதன் காலை

தணல் ‘தழல்’ என்பதன் திரிபு, தணியோடு உறவில்லை. தணிகையும் தலபுராணம் சொல்லும் காரணம்தான். ஆனால் தணிப்பு எனக்குச் சம்மதம். விகுதிதான் இடிக்கிறது: அழிப்பான், வடிப்பான் எல்லாம் ஊரில் புழங்கிவிட்ட பிறகு தணிப்பி எதற்கு? தணிப்பான் என்றே வையுங்கள்.

யாழ்ப்பாணம், புதன் மாலை

ஸ்டீயரிங்குக்குச் சுக்கான் இருக்கே, கப்பலில் நெடுநாள் புழங்கின சொல். சுக்கான் தணிப்பான் எண்டு வையுங்கோ, சுருக்கமா இருக்கும்.

சென்னை, புதன் இரவு

சுக்கான் அரபுச் சொல். புதிதாக ஆக்கும் சொல்லில் இரவல் வேண்டாமே.

கோவை, புதன் இரவு

பட்டறையில் இருப்பவருக்குச் சுக்கானும் தெரியாது, திசைமாற்றியும் தெரியாது. ஹேண்டில், ஃபோர்க், கோன்செட்தான் தெரியும். முதல் பக்கத்திலாவது ஸ்டீயரிங் டாம்பர் என்று தமிழெழுத்தில் இருக்கட்டும். தவறாகப் புரிந்துகொண்டு பூட்டினால் பாறையில் கை முறிவது அவருக்குத்தான்.

சேலம், வியாழன் இரவு

‘தணிப்பான்’ என்பதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ‘கைப்பிடித் தணிப்பான்’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் ஸ்டீயரிங் டாம்பரும் சேர்ந்து வரும். அனைவருக்கும் நன்றி.

மதுரை, வியாழன் பின்னிரவு

தடுப்பானை விட்டுவிட்டேன். ‘கைப்பிடி’யை மட்டும் விட மனமில்லை. ‘கைப்பிடித் தணிப்பானைக் கழற்றுமுன் கைப்பிடியைத் தளர்த்தவும்’ என்று ஏழாம் பக்கத்தில் வந்தால், படிப்பவர் ரப்பர் பிடியைப் போட்டு முறுக்குவார். கருவி உட்கார்ந்திருப்பது வண்டியின் கழுத்தில். கழுத்துத் தணிப்பான் என்று மாற்ற இந்த இரவு மட்டும் இருக்கிறது.