இயன்மருத்துவப் படிப்புக்கு ஒன்லைன் நேர்முகம்: ரயில் சத்தத்துக்கு என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். உயர்தரம் உயிரியல் பிரிவில் முடித்தேன். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளியும் (பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணிப்பது) மாவட்டமும்தான் கணக்கு, எனக்கு எட்டவில்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) விண்ணப்பித்தேன். பெப்ரவரியில் ஸூமில் நேர்முகம். ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள், தலா ஐந்து நிமிடம்.

வீடு கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கம். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நண்பியோடு ஒத்திகை பார்த்தபோது, ரயில் போன பிறகும் என் வசனங்களின் தொடக்கம் அவளுக்கு விழவில்லையாம். படமும் இடையில் உறைந்தது. பேசும்போது கண் என் முகத்துக்கே போகிறது. வீட்டில் இப்படியொரு நேர்முகத்துக்குப் போனவர்கள் யாருமில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
தங்கச்சி, வசனத்தின் தலை வெட்டுப்படுவதற்கு ஸூமின் சத்தம் அடக்கும் வசதி காரணமாக இருக்கலாம். ஓடியோ செட்டிங்கில் அது 'ஹை'யில் இருந்தால் ரயிலோடு சேர்த்து உங்கள் குரலையும் விழுங்கும். 'மீடியம்' அல்லது 'லோ'வில் வைத்து, வாய்க்குப் பக்கத்தில் மைக் இருக்கும் கம்பி ஹெட்செட் போடுங்கள். பிறகு நண்பியிடம் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

படம் உறைவதற்கு: வைபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். அந்த நேரம் வீட்டில் யாரும் வீடியோ பார்க்க வேண்டாம். கரண்ட் போனாலும் லேப்டொப் பற்றரியில் ஓடும், ரவுட்டர்தான் அணைந்துவிடும். அதற்கென விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். போனில் வேறு நிறுவனத்தின் டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட்டைத் தயாராக வையுங்கள்.

முகம் பார்க்கும் பிரச்சினைக்கு 'ஹைட் செல்ஃப் வியூ' இருக்கிறது. உங்கள் படம் உங்களுக்கு மட்டும் மறையும், அவர்களுக்குத் தெரியும்.

பம்பலப்பிட்டி அக்கா:
நான் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். இந்தப் பல அறை முறை கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2004இல் அதைப் பற்றிய ஆய்வு வெளியானது. ஒரே குழு முன்னால் ஒருமுறை சறுக்கினால் எல்லாம் போய்விடும் என்ற நிலையை மாற்றத்தான் பல பேர் தனித்தனியாகப் புள்ளி போடுகிறார்கள். ஆகவே ஒரு அறை சரியில்லாவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அங்கே இருப்பவருக்கு முந்திய அறையில் நடந்தது தெரியாது.

மைக்கை விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். 'பக்கவாதம் வந்த முதியவர் பயிற்சி செய்ய மறுக்கிறார், பேசுங்கள்' என்று ஒரு நடிகரை முன்னால் உட்கார வைக்கலாம். எங்கள் வீடுகளில் அம்மம்மாவுக்கு நோய் என்றால் மாமாதான் டொக்டரோடு பேசுவார். அம்மம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில், நன்றாகப் படித்த பிள்ளைகளும் உடனே புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் கேளுங்கள்: வலிக்கிறதா, விழுந்துவிடுவோம் என்று பயமா, நேற்று யாராவது கடிந்து பேசினார்களா? பதில் வரும்வரை பொறுங்கள். ஒன்லைனில் குரல் சற்றுப் பிந்தித்தான் வரும். அவர் முடித்துவிட்டார் என்று நினைத்து இடையில் நுழைந்தால் கேட்காதவர் போலத் தெரியும். மறுப்பதும் அவருடைய உரிமைதான். அதை மதித்துக்கொண்டே, சிறிதாக எதைச் செய்ய அவருக்கு விருப்பம் என்று பேசிப் பாருங்கள்.

பாடமாக்கிய பதில் வேண்டாம், தங்கச்சி. திரையோரத்தில் எழுதி வைத்து வாசித்தால் கண் ஓடுவது அப்படியே தெரியும்.

வெள்ளவத்தை மாணவி:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. 'மீடியம்' வைத்ததும் குரல் முழுசாகக் கேட்கிறதாம். அம்மம்மா விஷயம் எங்கள் வீட்டிலும் அப்படியேதான். இன்னொன்று: நடுவில் லைன் அறுந்தால்? நேரமும் தெரிவு செய்யச் சொல்கிறார்கள், லண்டன் காலை 9.30 அல்லது மதியம் 12.

கொட்டாஞ்சேனைக்காரன்:
9.30ஐ எடுங்கள். பெப்ரவரியில் அது இங்கே பின்னேரம் 3 மணி. 12 என்றால் இங்கே 5.30, ஒபிஸ் ரயில்கள் ஓடும் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே மணி மாறும். திகதி தள்ளிப்போனால் திரும்பக் கணக்குப் பாருங்கள்.

லைன் அறுந்தால் அதே பெயரில் மீண்டும் இணையுங்கள். முதலில் காத்திருப்பு அறையில் நிற்க வேண்டி வரலாம், அவர்கள்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அழைப்புக் கடிதத்தில் அவசரத் தொடர்பு இலக்கம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, தாளில் எழுதி மேசையில் வையுங்கள். ரயில் பாதை பக்கத்தில் என்பதையும் அதே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.