ரீப்பரோடு வரும் எஃபெக்ட் போதுமா, காசு கொடுத்து பிளக்கின் வாங்க வேண்டுமா?

சுருதிப்பெட்டி_மதுரை

வணக்கம். அக்கா பாடும் விருத்தங்களையும் கீர்த்தனைகளையும் வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து யூடியூபில் போட்டு வருகிறேன். குரல், மிருதங்கம், சுருதிப்பெட்டி, சிலவற்றுக்கு வயலின். மைக் ஏடி2020, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் ஃபோகஸ்ரைட் சோலோ, லேப்டாப் ஐ5, 8 ஜிபி ராம். ஒரே மைக் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் எடுக்கிறோம். ரூம் பத்துக்குப் பன்னிரண்டு அடி, டைல்ஸ் தரை.

மிக்ஸிங்குக்கு, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளோடு வருகிற ரியாஇக்யூ (சத்தத்தின் அடி, நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் இக்யூ), ரியாகாம்ப் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸர்), ரியாவெர்பேட் (எதிரொலி சேர்க்கும் ரிவர்ப்) இவ்வளவுதான். சென்னையில் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர் கேட்டுவிட்டு, "ஸ்டாக் பிளக்கின்ல பண்ணினா இப்படித்தான் டெமோ மாதிரி இருக்கும், நல்ல இக்யூவும் கம்ப்ரஸரும் வாங்கு" என்றார். (ஸ்டாக் பிளக்கின் என்றால் மென்பொருளோடு கூடவே வரும் எஃபெக்ட்.) எனக்கே தெரிகிற குறைகள்: குரல் கும்மென்று அடைத்தாற்போல இருக்கிறது, ச, ஸ வரும் இடங்களில் சீறுகிறது, ரிவர்ப் தகரத்தைத் தட்டினாற்போல இருக்கிறது.

கையில் எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? அல்லது வாங்கத்தான் வேண்டுமா?

பீட்_பட்டறை

புரோ-க்யூங்கற இக்யூ பிளக்கினை வாங்குங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். ஸ்பெக்ட்ரம் கண்ணெதிரே ஓடும், தொல்லை செய்யற ஃப்ரீக்வென்சியை மவுஸால பிடிச்சுக் கீழே இழுத்தா முடிஞ்சது. அதுக்கப்புறம் ரியாஇக்யூவைத் திறக்கவே மனசு வராது. நவம்பர் கடைசியில பிளாக் ஃப்ரைடே ஆஃபர் வரும், அதுவரை ட்ரையல்ல ஓட்டுங்க. பட்ஜெட் கொஞ்சம் உதைக்கும், ஆனா ஒரு தடவைதானே.

மிக்ஸ்_கும்பகோணம்

தம்பி, அந்த எட்டாயிரத்தைக் கொஞ்ச நாள் பத்திரமாக வைத்திருங்கள். நான் இங்கே சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். நாதஸ்வர செட்டு, பஜனை கோஷ்டி, பள்ளிக்கூட ஆண்டு விழா டிராக் என்று வருவதையெல்லாம் செய்கிறேன். வாங்கிய பிளக்கின்களும் உண்டு. ஆனால் உங்கள் மூன்று குறைகளில் இக்யூ வாங்கித் தீர்வது ஒன்றுகூட இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். அக்கா குரலில் ஒரு வரியை இரண்டு டிராக்கில் போடுங்கள். ஒன்றில் ரியாஇக்யூ, 300 ஹெர்ட்ஸில் 3 டிபி குறையுங்கள். இன்னொன்றில் நீங்கள் வாங்க நினைக்கும் இக்யூவின் ட்ரையலைப் போட்டு அதே அளவு குறையுங்கள். இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. குறைக்கும் பகுதியின் அகலத்தை ரியாஇக்யூ ஆக்டேவில் காட்டும், மற்றவை க்யூ என்று காட்டும். 1 ஆக்டேவ் என்றால் க்யூ சுமார் 1.41, 2 ஆக்டேவ் என்றால் 0.67. இதைச் சரியாக வைத்துவிட்டு, ஒரு டிராக்கில் ஃபேஸைத் திருப்பும் (ஒலி அலையைத் தலைகீழாக்கும்) பட்டனை அழுத்தி இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிட்டத்தட்ட நிசப்தமாகிவிடும். ஏதாவது மிச்சம் கேட்டால் அந்த மிச்சத்துக்குத்தான் காசு.

மிச்சம் வரும் இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் ஓடும் ப்ராஜெக்டில் 15, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றி இறக்கினால் சாதாரண இக்யூவின் வளைவு நெருக்கிக்கொண்டு வேறு வடிவம் எடுக்கும், நல்ல இக்யூக்கள் அதைச் சரிசெய்திருப்பார்கள். சத்தம் ஏறும்போது மட்டும் வேலை செய்யும் டைனமிக் இக்யூ ரியாஇக்யூவில் கிடையாது. திரையில் பார்த்து வேலை செய்வது சிலருக்கு வேகமாக வரும், பீட்_பட்டறை சொல்வது அதைத்தான். வேகத்துக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. அதைக் குரல் மாறிவிடும் என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பிடிக்காது.

இப்போது உங்கள் குறைகளுக்கு வருவோம். கும்மென்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மைக் வாய்க்கு மிகக் கிட்டத்தில் இருப்பது. ஏடி2020 கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும்) மைக், நெருங்க நெருங்க அடிச்சத்தம் தானாக ஏறும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவே தள்ளி வையுங்கள். தள்ளினால் ரூம் சத்தம் உள்ளே வரும், அதனால் அக்காவின் முதுகுப் பக்கம் கனமான போர்வையோ மெத்தையோ தொங்கவிடுங்கள். டைல்ஸ் மேல் ஜமுக்காளம். இதற்குச் செலவு இல்லை, எந்தப் பிளக்கினும் இந்த வேலையைச் செய்யாது.

சீறலுக்கு டிடிஆர் நோவா. இலவசம், டைனமிக் இக்யூ, 4 பேண்ட். 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் சீறல் எங்கே என்று தேடி, அந்த இடத்தில் மட்டும் ஸ வரும்போது அமுக்கும்படி வையுங்கள். ரொம்ப அமுக்கினால் அக்காவுக்கு நாக்குத் தடித்தாற்போலக் கேட்கும். ரீப்பரிலேயே ஜேஎஸ் என்ற சின்ன எஃபெக்ட்களின் பட்டியலில் ஒரு டி-எஸ்ஸர் (சீறலைக் குறைப்பது) இருக்கிறது, வெறும் ஸ்லைடர்கள் மட்டும் தெரியும், பார்க்க நன்றாக இருக்காது, அதுவும் வேலை செய்யும்.

கம்ப்ரஸர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நண்பர் சொன்னதால் சொல்கிறேன். ரியாகாம்ப் மோசம் என்று பேர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் அதன் முகம். ஆட்டோ மேக்கப் (அமுக்கிய சத்தத்தைத் தானாக ஏற்றிக் கொடுப்பது) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், சத்தம் ஏறியதையே நன்றாக இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். எந்தப் பிளக்கினை ஒப்பிட்டாலும் முன்னும் பின்னும் சத்தம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய ப்ரீசெட்கள் 2 டிபி ஏற்றிக் கொடுத்துத்தான் ஆளை மயக்குகின்றன. அப்புறம், மிருதங்க டிராக்கில் தொப்பி (இடப்பக்கம்) அடிக்கும்போதெல்லாம் வலந்தலையும் (வலப்பக்கம்) சேர்ந்து அமுங்குகிறதா? ரியாகாம்பில், எப்போது அமுக்குவது என்று பார்க்கும் டிடெக்டருக்கு மட்டும் ஹைபாஸ் (அடிச்சத்தத்தை வடிக்கும் ஃபில்டர்) ஒன்று இருக்கிறது. அதை 120 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றுங்கள். தொப்பியின் கும்காரம் அப்படியே வரும், ஆனால் கம்ப்ரஸர் அதைக் கேட்டுத் துள்ளாது. இந்த வசதி இல்லாத விலை உயர்ந்த கம்ப்ரஸர்கள் உண்டு.

ரிவர்பில் மட்டும் உங்கள் பக்கம். ரியாவெர்பேட் மெல்லியதுதான், குரலுக்கு ஒட்டாது. ஆனால் ரீப்பரில் ரியாவெர்ப் என்று இன்னொன்று இருக்கிறது, பேர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. அது ஒரு இடத்தின் எதிரொலியை அப்படியே ஏற்றிக்கொள்ளும் கன்வல்யூஷன் ரிவர்ப். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் தேவாலயம், மண்டபம் என்று பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதற்கும் மனசு நிறையவில்லையென்றால் வல்ஹல்லா வின்டேஜ்வெர்ப், 50 டாலர். கார்டு மார்க்கப், வரி என்று கொஞ்சம் கூடப் போகும். உங்கள் எட்டாயிரத்தில் நான் கைவைக்கச் சொல்வது இது ஒன்றுக்குத்தான். அவர்களுடைய சூப்பர்மாசிவ் இலவசம் என்று உடனே ஓடாதீர்கள், அது வானவெளி மாதிரி நீளும் சத்தத்துக்கு, கீர்த்தனைக்கு அல்ல.

எதைப் போட்டாலும் சுருதிப்பெட்டியை ரிவர்புக்கு அனுப்பாதீர்கள். விருத்தத்துக்கு இரண்டு செகண்டுக்கு மேல் வைத்தாலும் தாங்கும். துரித காலத்தில் ஸ்வரம் பாடும் இடத்தில் அதே ரிவர்ப் ஒரு ஸ்வரத்தின் மேல் இன்னொன்றை ஏற்றிக் குழப்பிவிடும். அங்கே 1.2 செகண்டுக்கு இறக்கி, ப்ரீ-டிலே (ரிவர்ப் தொடங்கும் முன் இடைவெளி) 30 மில்லிசெகண்ட் கொடுங்கள்.

லாஜிக்_லோகு

கும்பகோணம் அண்ணன் சொல்வது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் ஆப்பிளின் ரெக்கார்டிங் மென்பொருளான லாஜிக்கில் இருக்கிறேன். அதோடு வரும் கம்ப்ரஸரில் மட்டுமே எஃப்இடி, ஆப்டோ என்று 7 வகை இருக்கிறது, வெளியே வாங்க அவசியமே வரவில்லை. ஆனால் க்யூபேஸ் என்ற வேறு மென்பொருளில் வேலை செய்யும் நண்பருக்கு ப்ராஜெக்டைக் கொடுக்கும்போதுதான் வலிக்கும், லாஜிக்கின் எஃபெக்ட் அங்கே கிடையாது. எல்லாவற்றையும் ரெண்டர் செய்து (எஃபெக்டோடு சேர்த்து ஆடியோவாக்கி)தான் அனுப்ப வேண்டும். வெளி பிளக்கின் என்றால் இரண்டு பேரிடமும் இருந்தால் போதும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்து பழைய 32-பிட் மென்பொருள்களை நிறுத்தியபோது, புதுப்பிக்காமல் விட்ட பழைய வெளி பிளக்கின்கள் நிறைய பேருக்கு அதோடு போயின. கூடவே வருவது அந்த விஷயத்தில் கவலை தராது.

மிக்ஸ்_கும்பகோணம்

லோகு சொல்வது லாஜிக்குக்குச் சரி. ரீப்பர்காரர்களுக்கு அந்தக் கவலை பாதிதான். ரியாஇக்யூ, ரியாகாம்ப் போன்றவற்றை ரீப்பரைத் தயாரிக்கும் காக்கோஸ் கம்பெனியே ரியாப்ளக்ஸ் என்ற பெயரில் விண்டோஸுக்கு இலவச விஎஸ்டியாக (மற்ற மென்பொருள்களும் ஏற்கும் பிளக்கின் வடிவம்) கொடுக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோ போன்ற வேறு மென்பொருள்களிலும் ஓடும்.

சுருதிப்பெட்டி_மதுரை

ரொம்ப நன்றி அண்ணா. ஜமுக்காளம் விரித்துப் போர்வை கட்டி, மைக்கைத் தள்ளி வைத்து ஒரு டேக் எடுத்தேன். கும் என்ற சத்தம் பெருமளவு போய்விட்டது. நோவாவும் போட்டாயிற்று.

இன்னொரு சந்தேகம். அக்கா மேல் ஸ்தாயியில் நிற்கும்போது சில இடங்களில் சுருதி ஒரு இழை குறைகிறது. ரீப்பரின் சுருதி திருத்தும் ரியாட்யூனை ஆட்டோவில் போட்டேன், கமகமெல்லாம் படிக்கட்டு ஏறி இறங்குவது மாதிரி ஆகிவிட்டது. ஹரிகாம்போதி கீபோர்டு மாதிரி கேட்கிறது. இதற்காவது வெளியே வாங்கலாமா?

மிக்ஸ்_கும்பகோணம்

இதற்கு வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஆட்டோ வேலை செய்யாதது ரியாட்யூனின் குற்றம் மட்டும் அல்ல. தானாகச் சரிசெய்பவை பெரும்பாலும் 12 சுரத்தானங்களில் கிட்ட இருப்பதற்கு இழுத்துக்கொண்டு போகும். நம் பாட்டில் ஸ்வரம் ஒரு இடத்தில் நிற்பதைவிட அசைவதுதான் அதிகம், அந்த அசைவைத் தப்பு என்று எடுத்துக்கொண்டு நிமிர்த்திவிடும்.

மெலடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் வேறு விதம். ஸ்வரத்தின் நடுவைத் தனியாக ஏற்றலாம், அசைவைத் தொடாமல் விடலாம். ஆனால் மலிவான எசென்ஷியல் பதிப்பில் அசைவையும் நழுவலையும் தனித்தனியாகத் திருத்தும் கருவிகள் கிடையாது, அடுத்த படியான அசிஸ்டன்ட்டில்தான் இருக்கின்றன. அது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். ட்ரையல் உண்டு, போட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் அந்த ஒரு வரியை அக்காவிடம் மறுபடி பாடச் சொல்லி ஒட்டிவிடுவேன். ஹெட்ஃபோனில் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள், பெரும்பாலும் அதுதான் குறைச்சல்.

சுருதிப்பெட்டி_மதுரை

சரி அண்ணா, மறுபடி பாட வைக்கிறேன். கடைசியாக ஒன்று: ரியாவெர்புக்கு நம் ஊர் மண்டபத்தின் எதிரொலியை நானே எடுக்க முடியுமா? தெரிந்தவருடைய கல்யாண மண்டபம் ஒன்று காலியாகக் கிடைக்கும்.

மிக்ஸ்_கும்பகோணம்

தாராளமாக. பெரிய பலூனாக வாங்குங்கள், சின்னதில் அடிச்சத்தம் வராது. மேடையில் பாடுபவர் நிற்கும் இடத்தில் பலூன், நாலாவது ஐந்தாவது வரிசையில் மைக். ஸ்டீரியோ ரெக்கார்டர் யாரிடமாவது கடன் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் உங்கள் மைக்கே போதும், மோனோவாக இருக்கும், அவ்வளவுதான். லெவலை நன்றாக இறக்கி வையுங்கள், வெடிச்சத்தம் கிளிப் ஆனால் (உச்சம் வெட்டுப்பட்டால்) அந்தப் பதிவு உதவாது. ரீப்பரில் முன்னால் இருக்கும் வெற்றிடத்தை வெட்டிவிட்டு, வால் முழுவதும் அடங்கும் வரை விட்டு ரெண்டர் செய்து ரியாவெர்பில் ஏற்றுங்கள். ஃபேன், ஏசி எல்லாம் அணைத்திருக்க வேண்டும். பலூனை உடைப்பதற்கு முன்னால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.