காடி பத்தேரி எத்தனை வருசம் ஓடுது? சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

தோட்டத்துக் கிராணி

சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே ஒரு தாமானில் குடியிருக்கிறேன். வேலை பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில். காலையில் பெரட்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அதனால் விடியும் முன்பே காடியை எடுத்துவிடுவேன். தூரம் அதிகமில்லை, ஒரு பத்து நிமிட ஓட்டம். சாயங்காலம் அதே பத்து நிமிடம். என்னுடையது பழைய மைவி, ஆட்டோ கியர். எந்தப் பத்தேரி போட்டாலும் இரண்டு வருடத்தைத் தாண்டுவதில்லை. இந்த வாரம் மறுபடி ஸ்டார்ட் ஆக இழுக்க ஆரம்பித்துவிட்டது.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். போனட்டைத் திறந்த கையோடு, "பத்தேரி போச்சுண்ணே, மாத்திடுங்க" என்று பையன் புதுசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மீட்டர் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். ஈப்போவில் இருக்கும் மச்சானும் அதே மைவிதான் ஓட்டுகிறார், அவருக்கு நான்காவது வருடம் ஓடுகிறது. இது எப்படி? உங்களுக்கெல்லாம் எவ்வளவு வருகிறது, ஸ்டார்ட் ஆகாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.

சிப்புட் பையன்

எனக்கு ஒன்றரை வருடம். வாரண்டி முடிந்த மறுமாதம் சரியாகச் செத்தது. வேறென்ன சொல்ல.

பழைய போர்மன்

கிராணி தம்பி, அந்தக் கடையை விட்டு வந்தது நல்லது. பத்தேரி போகவில்லை என்று நான் சொல்லவில்லை, போயிருக்கலாம். ஆனால் மீட்டர் வைக்காமல் சொல்லும் போர்மனுக்கும் கைரேகை பார்ப்பவனுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் ஆயுசு. நம் ஊரில் இரண்டு வருடம் என்பது ஊரில் பாதிப் பேருக்கு நடப்பதுதான். மூன்று வந்தால் நல்ல பத்தேரி, நல்ல பராமரிப்பு. குளிர் நாட்டுக்காரன் யூடியூப்பில் ஐந்து வருடம், ஆறு வருடம் என்று பேசுவதை நம் கணக்கில் சேர்க்காதீர்கள். அவனுக்குக் குளிரில் ஸ்டார்ட் ஆவதுதான் தொல்லை. ஆனால் பத்தேரியின் ஆயுசைக் குடிப்பது குளிர் இல்லை, சூடு. உள்ளே இருப்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும். சூடு பத்து டிகிரி கூடினால் தகடு அரிக்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, தண்ணீரும் சீக்கிரம் வற்றுகிறது. வெளியிலேயே மத்தியானம் 33 டிகிரி. போனட்டுக்குள், எஞ்சினுக்குப் பக்கத்தில், எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஈப்போ வெயிலும் நம் வெயிலும் ஒன்றுதான். மச்சானுக்கு நான்கு வருடம் வருவது ஓட்டத்தால் இருக்கும். அவர் தினமும் முக்கால் மணி நேரம் ஓட்டினால் ஆல்டர்னேட்டர் பத்தேரியை நிரப்பிவிடும். உங்களுடையது பத்து நிமிடம். இருட்டில் விளக்கு, ஏசி, ரேடியோ, எஸ்டேட் மண் ரோட்டில் மெதுவான ஓட்டம். பத்தேரிக்குப் போய்ச் சேருவது சொற்பம். பத்தேரி பாதி வயிற்றோடு கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். இறுகியது எளிதில் கரையாது.

இருபது, முப்பது வெள்ளிக்கு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி வையுங்கள். ராத்திரி முழுக்க நிறுத்திய காடியில், காலையில் சாவி போடும் முன் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுசாக நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. அப்புறம் ஒரு ஆளை விட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, எஞ்சின் சுற்றும்போது வோல்ட் எவ்வளவுக்கு விழுகிறது என்று பாருங்கள். நிறைந்த பத்தேரி பத்து வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். நிறைத்தும் ஒன்பதுக்கு விழுந்தால் உள்ளே தெம்பு இல்லை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13க்குப் பக்கத்திலேயே நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, பத்தேரி கொதிக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான். பக்கத்தில் சிகரெட் பற்ற வைக்காதீர்கள்.

இந்த மூன்று எண்ணையும் எழுதிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

லிந்தாங் டீச்சர்

வணக்கம் அங்கிள், வணக்கம் கிராணி அண்ணே. என் அனுபவம் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நடந்தது. 2020 மார்ச் 18 முதல் எல்லாரும் வீட்டில். என் வீட்டுக்காரர் தினமும் காலையில் வாசலில் காடியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு அணைப்பார். "ஓடலைன்னாலும் உயிரோட இருக்கும்ல" என்பார். எதிர் வீட்டு ஆண்டி அதெல்லாம் செய்யவில்லை. ஸ்பானர் எடுத்து நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். மே மாதம் வெளியே போகலாம் என்றானபோது எங்கள் காடி டிக் டிக் என்றது. ஆண்டி வயரை மாட்டினார், முதல் சுற்றிலேயே ஓடியது. ரேடியோ நேரம்தான் தப்பாகக் காட்டியது. இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அப்புறம் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆட்டோ கியர் காடியில் சாவி திருப்பினால் சத்தமே இல்லை, ஆனால் விளக்கு நன்றாக எரிகிறது என்றால் உடனே பத்தேரியைச் சொல்லாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை நியூட்ரலில் (N) போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு மகாத்மா காந்தி கலாசாலை வாசலில், பிள்ளைகளை ஏற்றப்போன இடத்தில், பின்னால் காடிகள் ஹாரன் அடிக்க, இப்படித்தான் ஓடியது. அப்புறம் பட்டறையில் பார்த்தால் கியர் சுவிட்சில் கோளாறு.

பழைய போர்மன்

டீச்சர் சொன்னது சரி. வாசலில் ஐந்து நிமிடம் விடுவது பெட்ரோலுக்குத்தான் செலவு. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஆண்டி மாதிரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

சத்தத்தை வைத்தும் ஓரளவு சொல்லலாம். டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து டேஷ்போர்டு விளக்கு மங்கினால் பத்தேரியில் தெம்பு இல்லை, அல்லது முனை தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு டொக், விளக்கு மங்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் போங்கள். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பத்தேரிக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெட்ரோல், பிளக், அந்த வழி. முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்குங்கள். பட்டறைக்கு "பத்தேரி போச்சு" என்று வந்த காடிகளில் இந்தப் பூவோடு வந்தவை எத்தனையோ.

செம்பனை லோரி

நான் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். கிராணி அண்ணன் கேட்டதற்கு நேர் பதில் இல்லை, ஆனால் உயிர் போகிற விசயம், அதனால் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் லிந்தாங் ரோட்டில் ஒரு பெரியவர் காடி நின்றுவிட்டது. கையில் ஜம்ப்பர் கேபிள் வைத்துக்கொண்டு லோரியை மறித்தார். "தம்பி, உன் பத்தேரி பெருசு, ஒரு தட்டு தட்டிவிடு." நான் முடியாது என்றேன். அவருக்குக் கோபம். லோரியில் இரண்டு பத்தேரி சேர்த்து 24 வோல்ட், ஐயா. காடி 12 வோல்ட். மாட்டினால் காடியின் கம்ப்யூட்டர் போகும், பத்தேரி வெடித்தாலும் ஆச்சரியமில்லை. இதை விளக்கிச் சொன்ன பிறகும் அவர் முகம் மாறவில்லை. கடைசியில் பின்னால் வந்த ஒரு சாகா நின்று உதவியது. பெரிய லோரி, தோட்ட டிராக்டர் எதுவானாலும் முதலில் வோல்ட் கேளுங்கள்.

சாகாக்காரர் மாட்டிய முறையையும் சொல்கிறேன், சரியாகச் செய்தார். சிவப்பு முதலில் செத்த பத்தேரி பாசிட்டிவில், அப்புறம் நல்ல பத்தேரி பாசிட்டிவில். கறுப்பு நல்ல பத்தேரி நெகட்டிவில். மீதியுள்ள கறுப்பு முனையைச் செத்த பத்தேரியில் வைக்காமல், எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பத்தேரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. நல்ல காடியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்தார், ஒரே திருப்பில் பிடித்தது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதெல்லாம் கஞ்சில், வீரா காலம். லயத்துப் பிள்ளைகள் மொத்தமாக வந்து தள்ளுவார்கள், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் குதித்துக்கொண்டு ஓடும். ஆட்டோ மைவியை ஊரே சேர்ந்து தள்ளினாலும் ஆகாது.

சிப்புட் பையன்

எலியை யாரும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை. தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆந்தை எங்கள் வீட்டுப் போர்ச்சுக்குள் வராதே! ஸ்டார்ட்டருக்குப் போகும் சின்ன வயரை எலி கடித்துவிட்டது. நான் பத்தேரி மாற்றப் போன இடத்தில், நல்லவர், மீட்டர் வைத்து "பத்தேரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வயரைக் கண்டுபிடித்தார். இருபது வெள்ளியோடு போனது.

தோட்டத்துக் கிராணி

போர்மன் ஐயா, மீட்டர் வாங்கிவிட்டேன். காலையில் 12.1. ஓடும்போது 14.2. ஆக ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ராத்திரி ஏதோ தின்கிறதோ என்று சந்தேகம். மருமகன் போன வருடம் டேஷ்கேம், ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா, போட்டுக் கொடுத்தான். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு ஆகும்படி வயர் இழுத்திருக்கிறது.

பழைய போர்மன்

அதேதான் தம்பி. மீட்டரைப் பத்து ஆம்பியர் துளையில் மாற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பத்தேரி முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். கதவைப் பூட்டிக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. முக்கியம்: மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

தோட்டத்துக் கிராணி

0.26 காட்டுகிறது! டேஷ்கேம் பியூஸைக் கழற்றினால் 0.02.

பழைய போர்மன்

கணக்குப் போடுங்கள். உங்கள் மைவிக்குப் போடுவது என்எஸ்40 என்ற அளவுப் பத்தேரி, சுமார் 35 ஆம்பியர்-மணி. சனிக்கிழமை மத்தியானம் நிறுத்தி திங்கள் காலையில் எடுத்தால் நாற்பது மணி நேரத்துக்கு மேல். பத்து ஆம்பியர்-மணி அந்தக் கேமராவுக்கே போகிறது. அதைப் பத்து நிமிட ஓட்டத்தில் எப்படி நிரப்புவது? புதுசை வைத்தாலும் அதையும் தின்றிருக்கும். ஒரு சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டு நிறையுங்கள். சாயங்காலம் வரை அப்படியே விட்டு, ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் எவ்வளவுக்கு விழுகிறது என்று பாருங்கள்.

தோட்டத்துக் கிராணி

சார்ஜ் ஏற்றினேன். சாயங்காலம் 12.5. ஸ்டார்ட் செய்யும்போது 9.1. பத்தேரியும் போய்விட்டது போல. ஆக அந்தக் கடைப் பையன் வாய் சொன்னது பலித்துவிட்டது. கேமராவை சாவி போட்டால் மட்டும் ஓடுமாறு மாற்றச் சொல்லிவிட்டேன். பத்தேரி வாங்கப் போகிறேன், என்ன பார்க்க வேண்டும்?

பழைய போர்மன்

பெட்டியில் இருக்கும் தேதிக் குறியைக் கேளுங்கள். அலமாரியிலேயே ஆறு மாதத்துக்கு மேல் தூங்கியதை வாங்காதீர்கள், வைத்திருந்தாலும் தானாக இறங்கிக்கொண்டே போகும். என்எஸ்40இசட்எல் என்று எல் இருக்கிறதா பாருங்கள். எல், ஆர் மாறினால் முனை எதிர்ப்பக்கம் போய் வயர் எட்டாது. கடைசியில் எஸ் சேர்ந்தால் முனை தடிமன், உங்கள் கிளாம்ப் பொருந்தாமல் போகும். பழையதைப் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள். சிக்னலில் தானாக அணையும் எக்கோ ஐடல் உள்ள மைவி, பெசாவுக்கு இது ஆகாது, அதற்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி வகை வேண்டும். சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். பழைய பத்தேரியைக் கடையிலேயே கொடுங்கள், ஈயத்துக்காக விலையில் கழிப்பார்கள். கழிக்கவில்லை என்றால் வாய் திறந்து கேளுங்கள். அதை வீட்டுப் பின்புறம் போட்டு வைக்காதீர்கள், அமிலம் ஒழுகும். சட்டப்படியும் அது எஸ்டபிள்யூ 102, அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தான கழிவு.

லிந்தாங் டீச்சர்

அண்ணே, கடைக்காரர் மாட்டிய பிறகு 14 காட்டுகிறதா என்று நீங்களே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.