ரிமோட்டில் விண்டோஸ் போடும்போது டிபிஎம் எஃப்12 கேட்டு நின்றுவிடுகிறது, வழி உண்டா?

நள்ளிரவு_ரீபூட்:

சுமார் 60 லேப்டாப்கள், எல்லாம் கிளை அலுவலகங்களில் இருக்கின்றன, எந்தக் கிளையிலும் ஐடி ஆள் கிடையாது. கான்ஃபிக்மேனேஜர் (மெஷின்களை ரிமோட்டில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) டாஸ்க் சீக்வென்ஸ், அதாவது தானாக ஓடும் ஸ்டெப்களின் வரிசை, வைத்து விண்டோஸ் 10-ஐ அழித்துவிட்டு 11-ஐப் புதிதாகப் போடுகிறேன். டிபிஎம்மில் (என்க்ரிப்ஷன் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு சிப்) பழைய ஓஎஸ்ஸின் உரிமை ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று முதல் ஸ்டெப்பிலேயே அதை கிளியர் செய்கிறேன், அதாவது உள்ளே இருப்பதைக் காலி செய்கிறேன். அங்கேதான் சிக்கல். ரீபூட் ஆனதும் கறுப்புத் திரையில் "கிளியர் செய்ய எஃப்12, வேண்டாம் என்றால் எஸ்கேப்" என்று கேட்டபடி அப்படியே நிற்கிறது. நேற்று ஒருவரை போனில் பிடித்து அழுத்தச் சொன்னேன், அவர் பயந்துபோய் எஸ்கேப்பை அழுத்திவிட்டார். இந்தக் கேள்வியே வராமல் செய்ய முடியுமா? டெல், ஹெச்பி, லெனோவா மூன்றும் கலந்து இருக்கின்றன.

கட்டளைவரி:

அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், ஏன் கிளியர் செய்கிறீர்கள்? டிபிஎம் 1.2 காலத்தில் ஓனர் பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் பாடாய்ப் படுத்தும், அந்தப் பழக்கத்தில்தான் பலரும் இன்னும் இந்த ஸ்டெப்பை முதலில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2.0-வில் பழைய நிலை அப்படியே இருந்தாலும் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) பெரும்பாலும் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். புது ஓஎஸ் போடுவதற்கு முன் கிளியர் செய்தே ஆக வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லவில்லை. அட்டஸ்டேஷன் (மெஷின் தன் அடையாளத்தை டிபிஎம் வழியாக நிரூபிப்பது) வேண்டும் என்றால் கதை வேறு, அதாவது மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில், ஆள் தொடாமலே மெஷின் தன்னைத் தயார் செய்துகொள்ளும் செல்ஃப் டெப்ளாயிங் போன்ற முறையில் போவதாக இருந்தால், அங்கே சுத்தமான டிபிஎம் நல்லது. உங்களுக்கு அது இல்லை என்றுதான் படுகிறது.

கிளியர் ஸ்டெப்பை எடுத்துவிட்டு இரண்டு மெஷினில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன் பவர்ஷெல்லில் கெட்-டிபிஎம் கொடுத்து என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிபிஎம் ரெடி என்பது ட்ரூ, லாக்டு அவுட் என்பது ஃபால்ஸ் என்று வந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

டிபிஎம்மே இல்லை என்று வந்தால் அந்த மெஷின் லெகஸி மோடில், அதாவது பழைய பயாஸ் முறையில், பூட் ஆகிறதா என்று பாருங்கள். 2.0 அதற்குப் பின் வந்த புது முறையான யுஇஎஃப்ஐ-யில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அப்புறம், உங்கள் பூட் இமேஜில் (இன்ஸ்டால் செய்ய முதலில் ஏறும் குட்டி விண்டோஸ், அதுதான் வின்பிஇ) வின்பிஇ-செக்யூர்ஸ்டார்ட்அப் என்ற துணைப் பகுதி சேர்த்திருக்கிறதா? அது இல்லாவிட்டால் வின்பிஇ-க்குள் பிட்லாக்கர் கட்டளை எதுவும் ஓடாது, ஆனால் பழி டிபிஎம் மேல் போய்விடும்.

துருப்பிடித்த_சர்வர்:

மேலே சொன்னது சரி. ஆனாலும் 60-ல் நாலைந்தாவது அடம்பிடிக்கும், அவற்றுக்கு கிளியர் தேவைப்படும், அதனால் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த எஃப்12 கேள்வி விண்டோஸிலிருந்து வரவில்லை, அதற்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேர், அதாவது பயாஸ், கேட்கிறது. மெஷின் முன்னால் நிஜமாகவே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்கிறது, ஆகவே எந்த ஸ்கிரிப்டாலும் அந்த பட்டனை அழுத்த முடியாது. பயாஸ் செட்டிங்கை முன்கூட்டியே மாற்றி, கேட்காதே என்று சொல்லிவைக்கலாம், அவ்வளவுதான். டெல்லில் பிபிஐ பைபாஸ் (ஆள் முன்னால் இருக்கிறாரா என்ற கேள்வியைத் தாண்டுவது) என்ற வகையில் வரும், டெல் கமாண்ட் கான்ஃபிகர் வைத்து மாற்றலாம். ஹெச்பியில் பயாஸ் கான்ஃபிகரேஷன் யூட்டிலிட்டி, அதில் டிபிஎம் ஆக்டிவேஷன் பாலிசியை நோ ப்ராம்ப்ட்ஸ் என்று வையுங்கள். லெனோவாவில் டபிள்யூஎம்ஐ (விண்டோஸிலேயே உள்ள நிர்வாக இடைமுகம்) வழியாகப் போக வேண்டும். செட்டிங்கின் பெயரை நீங்களாகத் தட்டாதீர்கள், மெஷினிலிருந்தே பட்டியல் எடுத்து காப்பி பண்ணுங்கள். சில திங்க்பேட்களில் அந்தப் பெயரிலேயே எழுத்துப்பிழை இருக்கிறது, சரியாக எழுதினால் வேலை செய்யாது! நான் அரை நாள் தொலைத்தேன்.

பயாஸ் பாஸ்வேர்ட் நிலவரத்தையும் முதலில் பார்த்துவிடுங்கள். பழைய திங்க்பேட்களில் முதல் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை (பயாஸ் செட்டிங்கைப் பூட்டும் பாஸ்வேர்ட்) ரிமோட்டில் போட முடியாது, கையால்தான் போட வேண்டும். வேலை முடிந்ததும் பைபாஸை மறுபடி அணைத்துவிடுங்கள். திறந்தே விட்டால் அட்மின் உரிமை கிடைத்த எந்தப் புரோகிராமும் சத்தமில்லாமல் டிபிஎம்மைக் காலி செய்யலாம். அதனால் டேட்டா வெளியே போகாதுதான், ஆனால் பயனர் ரெக்கவரி திரையில் மாட்டிக்கொள்வார், விண்டோஸ் ஹலோ பின்னும் போய்விடும்.

மூன்றாம்_ஷிஃப்ட்:

ஒரு சோகக் கதை. முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு ரோல்அவுட், டாஸ்க் சீக்வென்ஸ் தொடங்குவதற்கு முன் பயாஸ் அப்டேட்டும் சேர்த்துத் தள்ளினோம். பிட்லாக்கரை சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்தோம், செய்யாமல் இல்லை. ஆனால் ரீபூட் கவுன்ட் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்காவிட்டால் ஒரே ஒரு ரீபூட்டுக்குத்தான் சஸ்பெண்ட் நிற்கும். அந்த அப்டேட்டோ இரண்டு முறை ரீபூட் ஆனது. திங்கள் காலை பதினாலு மெஷினில் ரெக்கவரி கீ கேட்கும் பிட்லாக்கரின் நீலத் திரை.

48 இலக்க ரெக்கவரி கீயை போனில் வாசித்துக் காட்டியிருக்கிறீர்களா? ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் வகுபடும் எண், அதனால் ஓர் இலக்கம் தப்பினாலும் அந்த இடத்திலேயே பிடித்துவிடும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். இரண்டு மெஷினுக்கு கீ எங்குமே சேமிக்கப்படவில்லை. அவற்றைப் பற்றிப் பேச வேண்டாம்.

கவுன்ட்டை 0 என்று கொடுத்தால் நீங்களாக ரெஸ்யூம் செய்யும் வரை சஸ்பெண்டிலேயே இருக்கும், அதிகபட்ச எண் 15. எந்த மெஷினையும் தொடுவதற்கு முன் அதன் கீ ஆக்டிவ் டைரக்டரியிலோ என்ட்ராவிலோ (நிறுவனத்தின் பயனர், மெஷின் பதிவேடுகள்) இருக்கிறதா என்று ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டிப் பாருங்கள், இல்லாத மெஷினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நள்ளிரவு_ரீபூட்:

எல்லோருக்கும் நன்றி. கட்டளைவரி அண்ணா சொன்னபடி கிளியர் ஸ்டெப்பை எடுத்துவிட்டு ஆறு மெஷினில் ஓட்டினேன். ஐந்து ஒரு கேள்வியும் கேட்காமல் முடிந்தன, வின்பிஇ-யிலேயே பிட்லாக்கரை ப்ரீ-ப்ரொவிஷன் செய்ததால், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட்டதால், என்க்ரிப்ஷனுக்குத் தனியாகக் காத்திருக்கவும் தேவைப்படவில்லை. ஆறாவது லெகஸி பூட்டில் இருந்தது, அதை யுஇஎஃப்ஐ-க்கு மாற்றியதும் டிபிஎம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

கீ ஸ்கிரிப்டும் ஓட்டினேன். ஏழு மெஷினுக்கு எங்கேயும் கீ இல்லை. அவற்றில் ஒன்று என் மேலாளருடையது.

மூன்றாம்_ஷிஃப்ட்:

அதை முதலில் பேக்கப் எடுங்கள்.