இஸ்ரேல் குடியுரிமை இருக்கு, ஆனா "நீ யூதர் இல்ல"ன்னு கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்களாம், எப்படி?

நெல்லைக்காரி:
எங்க ப்ராஜெக்ட்ல இஸ்ரேலோட ஹைஃபா ஊர்ல இருந்து ஒரு பொண்ணு வேலை பாக்குறா, ரெண்டு வருஷமா தினமும் மீட்டிங்ல பாத்து பேசி நல்லா பழகிட்டோம். சின்ன வயசுல ரஷ்யால இருந்து குடும்பத்தோட வந்தவ, அப்பா யூதர், அம்மா ரஷ்யக்காரங்க. ராணுவத்துல கூட இருந்துட்டு வந்திருக்கா. போன வாரம் கல்யாணம் எப்பன்னு கேட்டேன், சைப்ரஸுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னா. நான் ஹனிமூன்னு நினைச்சுட்டேன். இல்ல, கல்யாணமே அங்கதான், இங்க நான் யூதர் இல்லையாம்னு சொல்லிட்டு கேமராவ ஆஃப் பண்ணிட்டா. யூதர்ங்கிறதாலதானே குடியுரிமையே கிடைச்சது? அவகிட்ட திரும்ப கேக்க மனசு வரல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோர்ட்வாசல்:
குடியுரிமை ஒரு வாசல், கல்யாணம் வேற வாசல்ங்க. 1950ல திரும்பி வரும் உரிமைச் சட்டம்னு போட்டாங்க, எந்த யூதரும் வந்து குடியேறலாம்னு, ஆனா யூதர்னா யாருன்னு அதுல எழுதல. போலந்துல யூதரா பிறந்து, நாஜிகள்கிட்ட இருந்து நிறைய யூதர்கள காப்பாத்தி, பிறகு கத்தோலிக்கப் பாதிரியாரான ஆஸ்வால்ட் ரூஃபைசன் அந்தச் சட்டத்துல குடியுரிமை கேட்டப்ப 1962ல சுப்ரீம் கோர்ட் மறுத்துடுச்சு, வேற மதத்துக்குப் போயிட்டார்னு. அடுத்து ஷாலிட்னு ஒரு கடற்படை அதிகாரி, மனைவி யூதர் இல்ல, புள்ளைங்கள யூதர்னு பதிவு பண்ணச் சொல்லி கேஸ் போட்டு 1970ல ஜெயிச்சார். மதக் கட்சிகள் கொதிச்சுப் போக, அதே வருஷம் சட்டத்த திருத்தினாங்க. உங்க தோழி கதை ஆரம்பிக்கிறது இங்கதான். யூதர்னா யூதத் தாய்க்குப் பிறந்தவர், இல்ல மதம் மாறி வந்தவர்னு இறுக்கி எழுதிட்டு, கூடவே யூதரோட புள்ள, பேரன் பேத்தி, அவங்க கணவன் மனைவி எல்லாருக்கும் குடியேறுற உரிமைய குடுத்துட்டாங்க. சோவியத் உடைஞ்ச சமயத்துல இருந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வந்தாங்களே, அதுல லட்சக்கணக்கானவங்க இப்படி நடுவுல நிக்கிறவங்கதான்.

கல்யாணம் வேற கதை. ஒட்டோமான் காலத்துல இருந்தே அந்தந்த மதத்துக்காரங்களுக்கு அந்தந்த மதக் கோர்ட்தான், பிரிட்டிஷ்காரனும் அத மாத்தல, யூதர்களுக்கு 1953 சட்டம் ரப்பிகள், அதாவது யூத மதகுருமார் கையில குடுத்துடுச்சு. நம்ம ஊர் ரிஜிஸ்டர் மேரேஜ் மாதிரி பொதுவா ஒண்ணு அங்க கிடையாது. 2010ல ஒரு சட்டம் வந்துச்சு, ஆனா அது ரெண்டு பேருமே எந்த மதத்துலயும் பதிவாகாதவங்களா இருந்தாத்தான். மாப்பிள்ளை யூதர்னா அவளுக்கு அது உதவாது. வெளிநாட்டுல பண்ணிட்டு வந்தா அரசாங்கம் பதிஞ்சுக்கும், அதான் சைப்ரஸ்.

மட்டுநகர்ப்பிள்ளை:
நான் அங்க நாலு வருசம் கேர்கிவரா இருந்தனான். மொரோக்கோவில பிறந்த ஒரு வயசான அம்மா, சவ்தா எண்டுதான் கூப்பிடுவன், பாட்டி எண்டு அர்த்தம். வெள்ளி பொழுதுபட, சபாத் எண்ட ஓய்வுநாள் தொடங்க முதலே மெழுகுதிரி கொளுத்தி கண்ணைக் கையால மூடிக்கொண்டு வாய்க்குள்ள முணுமுணுப்பா, அதுக்குப் பிறகு சுவிச் ஒண்டும் தொடமாட்டா, சாப்பாடு முதலே போட்டு வைச்ச சூட்டுத் தட்டில கிடக்கும். மகன் சனி காலமை ஜெபக்கூடத்துக்குப் போவார், பின்னேரம் புட்போல் பாப்பார். பேரன் சனிக்கிழமை காரிலதான் வாறவன், ஆனா சவ்தாவின்ர கண்ணில படக்கூடாது எண்டு அடுத்த தெருவில விட்டுட்டு நடந்து வருவான். அவவுக்கும் தெரியும், ஒருநாளும் கேக்கேல்ல. ஒரு மேசையிலயே மூண்டு மாதிரி யூதர் இருப்பினம். அதால பிள்ளை, உங்கட சிநேகிதி மதம் மாறலாமே எண்டு லேசா சொல்லிப்போடாதீங்கோ. ரப்பிமார் சபாத், கோஷர் எண்ட சாப்பாட்டு விதி எல்லாம் கடைப்பிடிக்கிறீங்களோ எண்டு துருவித் துருவிக் கேப்பினம், அந்தப் பேரனைக் கேட்டா அவனே பெயிலாப் போவான்.

ஊர்சுற்றி:
நம்ம பக்கத்து ஆளுங்களும் இத அனுபவிச்சிருக்காங்க. பம்பாய் பக்கத்துல இருந்து போன பெனே இஸ்ரேல் மக்கள், 60கள்ல கல்யாணம் பண்ணப் போனா அம்மா வழி, பாட்டி வழி விசாரிக்கணும்னு ரப்பிகள் உத்தரவு, வேற யாருக்கும் இல்லாத விசாரணை. தெருவுல இறங்கிப் போராடுனாங்க, 1964ல நாடாளுமன்றமே தலையிட்ட பிறகுதான் தீந்துச்சு. எத்தியோப்பிய யூதர்களுக்கும் அதே வலி, 80கள்ல வந்தவங்கள, மதம் மாறி வர்றவங்க செய்யுற சடங்கு மாதிரி தண்ணில முங்கி எழுந்தாத்தான் ஏத்துப்போம்னு சொன்னாங்க, தலைமுறை தலைமுறையா யூதரா வாழ்ந்தவங்கள.

சேலத்தான்:
எல்லாரும் யூதர்களுக்குள்ள நடக்கிறதையே பேசுறீங்க. குடிமக்கள்ல ஐஞ்சுல ஒருத்தர் அரபு, முஸ்லிம், கிறிஸ்தவர், துரூஸ்ங்கிற தனி மதக்காரங்கன்னு. துரூஸ் ஆம்பளைங்களுக்கு 1956ல இருந்தே கட்டாய ராணுவ சேவை, ஆனா 2018ல வந்த தேசச் சட்டம் அந்த நாட்டுல தேசிய சுயநிர்ணய உரிமை யூதர்களுக்கு மட்டும்தான்னு எழுதுச்சு. அப்ப டெல் அவிவ்ல கூடுன துரூஸ் கூட்டத்த பாத்தப்ப நெஞ்சு கனத்துச்சுங்க.

கோர்ட்வாசல்:
சேலத்தான் சொல்றது நியாயம், நான் விட்டிருக்கக் கூடாது. கல்யாண விஷயத்துலயும் அவங்களுக்கு இதே சிக்கல்தான், ஒரு முஸ்லிம் பொண்ணும் யூதப் பையனும் விரும்புனா மதம் மாறாம அங்க இருக்கிற மதக் கோர்ட் எதுலயும் பண்ணிக்க முடியாது.

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அவ ஏன் கேமராவ ஆஃப் பண்ணான்னு இப்ப புரியுது. அக்கா ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்தன்னிக்கு "மசல் தோவ்"னு, அதான் அவங்க சொல்ற வாழ்த்து, அனுப்பலாமா, இல்ல யூத வார்த்தைன்னு அவளுக்கு வலிக்குமா?

மட்டுநகர்ப்பிள்ளை:
தாராளமா அனுப்புங்கோ பிள்ளை. ஹீப்ருவில கதைக்கேக்க அங்கத்தைய அரபு ஆக்களும் அதைத்தான் சொல்லுறவை. அது அவவின்ர பாஷை.