டெஸ்ட் போர்டில் பாஸ், கஸ்டமர் லைனில் ஓப்பன்: ஹார்னஸில் எங்கே தேடுவது?

ஒரகடம்_லைன்:

42 சர்க்யூட் ஹார்னஸ் (வண்டிக்கான ஒயர் கட்டு), இன்ஜின் பக்கம் போவது. பெரும்பாலும் 0.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், மூன்று மீட்டர் நீளம். மெயின் கனெக்டர் 24 பின், ரப்பர் சீல் உள்ளது. கன்டினியூட்டி போர்டில் (ஒயர் முனைக்கு முனை இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் போர்டு) எல்லாம் பச்சை. வண்டியில் மாட்டினால் ஏதாவது ஒரு பின் ஓப்பன் (இணைப்பு இல்லை), பெரும்பாலும் 7 அல்லது 19. திரும்பி வந்த பீஸை அதே போர்டில் ஏற்றினால் மறுபடியும் பாஸ்! பாஸ் லிமிட் 10 ஓம் வைத்திருக்கிறோம். லிமிட்டை இறுக்கினால் சரியாகுமா?

இன்னொன்று: மழை ஆரம்பித்ததிலிருந்து 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்ட்டில் (ஒயர்களுக்கு நடுவே கசிவு உண்டா என்று பார்ப்பது) காலை ஷிஃப்ட்டில் மட்டும் ஃபெயில் வருகிறது. மதியம் அதே பீஸ் பாஸ்.

கிரிம்ப்_அம்பத்தூர்:

திரும்பி வந்த பீஸை நேரா போர்டுல ஏத்தாதீங்க சார், தடயம் போயிடும். முதல்ல கனெக்டர் முகத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. 24 டெர்மினலும் (ஒயர் முனையில இருக்கற உலோகத் துண்டு) ஒரே ஆழத்துல வரிசையா மினுங்கணும். ஒண்ணு மட்டும் ஒன்றரை ரெண்டு மில்லி உள்வாங்கி இருட்டா நின்னா, அது லாக் ஆகாத டெர்மினல்.

ஹவுசிங்குக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் நாக்கு அதைப் பிடிக்கலை. சீலோட உராய்வுதான் பிடிச்சு வச்சிருக்கு. போர்டுல டெர்மினலைத் தொடற ஸ்பிரிங் ப்ரோப்புக்கு (ஸ்பிரிங் வச்ச ஊசி) ஓட்டம் அதிகம்னா, பின்வாங்கின டெர்மினலையும் தேடிப் போய்த் தொட்டுடும், பச்சை எரியும். வண்டியில எதிர் கனெக்டரோட பிளேடு வந்து இடிக்கும்போது அது இன்னும் பின்னாடி போயிடும். அங்கதான் ஓப்பன். லிமிட்டை எவ்வளவு இறுக்கினாலும் இது மாட்டாது.

செய்ய வேண்டியது: அந்த ஸ்டேஷனுக்கு புஷ்-பேக் ப்ரோப் போடுங்க. அது டெர்மினலைக் குறிப்பிட்ட விசையோட தள்ளும், நகர்ந்தா உள்ளே இருக்கற சுவிட்ச் மூடாது, ஓப்பன்னு காட்டும். அந்த விசை சீல் உராய்வை விட அதிகமா இருக்கணும், டிராயிங்ல சொல்லியிருக்கற ரிடென்ஷனை (லாக் டெர்மினலைப் பிடிச்சு வைக்கற விசை) விடக் குறைவா இருக்கணும். ரெண்டாவதா, செகண்டரி லாக்கை (டெர்மினல்களை ரெண்டாவதா பூட்டற பிளாஸ்டிக் துண்டு) கட்டைவிரலால அழுத்தி மூட முடியலைன்னா நிறுத்தச் சொல்லுங்க. பிளையர் வச்சு அழுத்தறவங்க இருக்காங்களான்னு லைன்ல நின்னு பாருங்க. லாக் மூட மறுக்குதுன்னாலே உள்ளே ஒரு டெர்மினல் உட்காரலைன்னு அர்த்தம்.

7, 19 திரும்பத் திரும்ப வருதுன்னா அந்த ஒயரோட டெர்மினல் ரீலையும் பாருங்க. லாக் விழற விளிம்பு நசுங்கியிருக்கலாம், இல்லேன்னா அப்ளிகேட்டர்ல (டெர்மினலை ஒயர்ல நசுக்கிப் பொருத்தற கிரிம்ப் மெஷினோட அச்சு) டெர்மினல் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வரலாம்.

மில்லிஓம்_கிண்டி:

மேலே சொன்னதுதான் முதல் சந்தேகம். ஆனால் 10 ஓம் என்பதை அப்படியே விட முடியாது. 0.5 ஸ்கொயர் செம்பு ஒயருக்கு 20 டிகிரியில் மீட்டருக்கு அதிகபட்சம் 37.1 மில்லி ஓம். மூன்று மீட்டருக்கு 111. ஷாப் ஃப்ளோர் 35 டிகிரி என்றால் சுமார் ஆறு சதவீதம் கூடி 118. இரண்டு முனை கிரிம்ப்புக்கும் சேர்த்து 10 கூட்டினாலும் 130-ஐத் தொடாது. ஆக, 10 ஓம் லிமிட்டில் எழுபது மடங்கு மோசமான இணைப்பும் பாஸ் ஆகும். இறுக்குவதாக இருந்தால் நான்கு ஒயர் அளவீடு (கரண்ட்டுக்கு இரண்டு, வோல்ட்டுக்கு இரண்டு) வேண்டும். இரண்டு ஒயரில் ஜிக் (டெஸ்ட் போர்டு) கேபிளும் ப்ரோப் முனையும் சேர்ந்து கணக்கில் வந்து, நல்ல பீஸையே ரிஜெக்ட் செய்யும்.

அதற்காக மில்லி ஓம் மீட்டர் வாங்கிவிட்டால் கிரிம்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 19 இழை ஒயரில் 18 இழை அறுந்து, ஒன்றே ஒன்று ஒரு மில்லி நீளத்துக்குப் பாலமாக நின்றாலும் கூடுவது முக்கால் மில்லி ஓம்கூட இல்லை. எந்த கன்டினியூட்டி டெஸ்டரும் அதைப் பிடிக்காது. அது கிரிம்ப் மெஷினிலேயே பிடிபட வேண்டியது. ஷிஃப்ட்டுக்கு ஒரு முறை கிரிம்ப் ஹைட் (நசுக்கிய பகுதியின் உயரம்) எடுப்பது போதாது. ரீல், ஒயர், அப்ளிகேட்டர் எதை மாற்றினாலும் முதல் பீஸில் கிரிம்ப் ஹைட்டும் புல் டெஸ்டும் (ஒயரை இழுத்துப் பார்ப்பது) எடுங்கள். ஹைட்டுக்கு ஒரு பக்கம் கூர்முனை உள்ள மைக்ரோமீட்டர். சாதா வெர்னியர் அடிப்பக்கப் பிசிறையும் சேர்த்து அளக்கும். புல் டெஸ்டுக்கு யூஎல் 486ஏ என்ற அமெரிக்கத் தரநிலை அட்டவணைப்படி 20 கேஜுக்கு, அதாவது ஏறக்குறைய 0.5 ஸ்கொயருக்கு, குறைந்தது 58 நியூட்டன். கஸ்டமர் ஸ்பெக் அதிகம் கேட்டால் அதுதான். இழுக்கும் முன் இன்சுலேஷன் இறக்கையை (டெர்மினலில் ஒயரின் உறையைப் பிடிக்கும் மடிப்பு) திறந்துவிடுங்கள், இல்லையென்றால் பிவிசியின் பிடியையும் சேர்த்து அளக்கிறீர்கள்.

கண்ணால் பார்க்க ஒரு இடம்: செம்பைப் பிடிக்கும் இறக்கைக்கும் இன்சுலேஷன் இறக்கைக்கும் நடுவிலுள்ள ஜன்னலில் செம்பும் இன்சுலேஷன் விளிம்பும் சேர்ந்து தெரிய வேண்டும். வெறும் பிவிசி மட்டும் தெரிந்தால் இன்சுலேஷன் செம்பு பேரலுக்குள் கிரிம்ப் ஆகியிருக்கிறது. போர்டில் பச்சை காட்டும், இன்ஜின் சூட்டில் கழன்றுகொள்ளும்.

ஜிக்_ஸ்ரீபெரும்புதூர்:

மழைக் கேள்விக்கு: ஹார்னஸ் இல்லாமல் வெறும் ஜிக்கை 500 வோல்ட்டில் அளந்து பாருங்கள், காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. காலை ரீடிங் இறங்கியிருந்தால் ஃபெயில் ஆவது உங்கள் போர்டு, ஒயர் அல்ல. பிளைவுட் போர்டில் கனெக்டர் பிளாக்கை நேராகத் திருகியிருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் இது நடக்கத்தான் செய்யும். மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிளாக்குக்குக் கீழே அக்ரிலிக் அல்லது எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) தகடு கொடுங்கள். வெறும் ஜிக் நன்றாக இருந்து பீஸ் மட்டும் இறங்கினால், கனெக்டர் முகத்தில் பனிநீரும் கை வியர்வையும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த பிறகு மறுபடி அளக்கவும். லிமிட்டைக் குறைத்துச் சமாளிக்க வேண்டாம். ஹார்னஸுக்குள் டையோடோ ரெசிஸ்டரோ இருந்தால் அந்த சர்க்யூட்டை 500 வோல்ட்டிலிருந்து விலக்குங்கள்.

பொதுவாக இன்னொன்று. "நல்ல" பீஸை மாட்டி போர்டுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், புரோகிராமை டிராயிங்கோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். அந்தப் பீஸில் இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தால் போர்டு அந்தத் தப்பைத்தான் சரி என்று படித்திருக்கும். ஷிஃப்ட் தொடக்கத்தில் வேண்டுமென்றே கெடுத்த சிவப்பு சாம்பிள்களை ஓட்டுங்கள்: ஒரு ஓப்பன், ஒரு ஷார்ட், ஒரு இடமாற்றம், லாக் ஆகாத ஒரு டெர்மினல். நான்கையும் போர்டு பிடிக்காமல் லைன் ஓடக் கூடாது.

ஒரகடம்_லைன்:

டார்ச் அடித்தாச்சு. திரும்பி வந்த ஐந்தில் நான்கு பீஸில் டெர்மினல் உள்வாங்கித்தான் இருக்கிறது. ஐந்தாவதில் எல்லாம் வரிசையாக இருக்கு, ஆனால் ஒரு ஒயர் நிஜமாகவே ஓப்பன். டேப் முழுக்கச் சுற்றியிருக்கு. பிரிக்காமல் இடம் கண்டுபிடிக்க முடியுமா?

மில்லிஓம்_கிண்டி:

முடியும், கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டர் போதும்; ஒயர் நீளத்துக்கு ஏற்ப கெப்பாசிட்டன்ஸ் கூடும். மற்ற ஒயர்களை எல்லாம் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் ஓப்பன் ஒயருக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸ் அளக்கவும், இரு முனையிலிருந்தும். ஒரு முனையில் 120 பிகோஃபாரட், மறுமுனையில் 180 என்றால், மூன்று மீட்டரில் முதல் முனையிலிருந்து 3 × 120 ÷ 300, அதாவது 1.2 மீட்டரில் அறுந்திருக்கிறது. மீட்டர் லீடின் கெப்பாசிட்டன்ஸை முதலில் கழித்துவிடுங்கள். கிளை பிரியும் இடங்களில் கணக்கு கொஞ்சம் தள்ளும், அதனால் முன்னும் பின்னும் ஒரு சாண் விட்டு டேப்பைப் பிரியுங்கள். கணக்கு முனையிலேயே கொண்டுபோய் நிறுத்தினால் டேப்பைத் தொடவே வேண்டாம், அந்தக் கிரிம்ப்பை வெட்டிப் பாருங்கள்.