'சமவாய்ப்புச் சோதனை'யில் 'சம' எதற்கு?

அன்புள்ள குழுவினருக்கு,

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவில் ஒரு பயிற்சித்தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். புக் பேக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டால் பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், அதனால் சொந்தமாகச் சில கணக்குகள். போன வாரம் கொடுத்ததில் முதல் கணக்கு இது:

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் உள்ளன. சமவாய்ப்பு முறையில் ஒரு பந்து எடுக்கப்படுகிறது. அது சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன?

ஒன் மார்க் கேள்வி என்று நினைத்துத்தான் வைத்தேன். 5/8 என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் பல தாள்களில் 1/2. நன்றாகப் படிக்கிற பையன் ஒருவனும் அப்படித்தான் எழுதியிருந்தான். கூப்பிட்டு, "எப்படிடா பாதி வரும்? எண்ணிப் பார்த்தியா?" என்றேன். "சார், கேள்வியிலயே சமவாய்ப்புன்னு குடுத்திருக்கீங்களே. அப்ப செவப்புக்கும் நீலத்துக்கும் வாய்ப்பு சமம்தானே?" என்றான்.

கேள்வியை மறுபடி படித்துப் பார்த்தேன். தமிழ் தெரிந்தவன் அப்படித்தான் படிப்பான்.

நம் பாடநூலில் 'சமவாய்ப்புச் சோதனை' (ஆங்கிலத்தில் ரேண்டம் எக்ஸ்பெரிமென்ட்) என்று ஒன்று இருக்கிறது: என்னென்ன விளைவுகள் வரலாம் என்று தெரியும், இந்த முறை எது வரும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் அதன் பொருள். அடுத்த பக்கத்திலேயே 'சம வாய்ப்பு நிகழ்ச்சிகள்' என்று வேறொன்று: நடக்க ஒரே அளவு வாய்ப்புள்ளவை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் இடைவெளி. அச்சுக்கோப்பவர் கை தவறினால் அதுவும் போச்சு. முன்னதற்கு வேறு சொல் வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

மதுரைப் பக்கத்துக் கணக்கு வாத்தியார்

*

தம்பிக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பந்துக் கணக்கில் சொல் தவறில்லை. எட்டுப் பந்துக்கும் சம வாய்ப்பு இருக்கிறது, அதைத்தான் கேள்வி சொல்கிறது. நிறத்துக்குச் சமவாய்ப்பு என்று அது சொல்லவில்லை. பையன் எண்ண வேண்டியதை எண்ணவில்லை, பழி சொல்லின் மேல் விழுகிறது.

சரித்திரத்தில் ஒன்றைச் சொல்கிறேன். தலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1754இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இந்தக் கணக்கைப் போட்டார்: ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ என்ன வாய்ப்பு? முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூ, பிறகு தலை. அதுவும் இல்லையென்றால் பூ, பூ. ஆக மொத்தம் மூன்று, அதில் சாதகம் இரண்டு, விடை 2/3 என்றார். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று கூறுவெளியை முழுக்க எழுதினால் 3/4 என்று நம் பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அவருக்கு எந்தத் தமிழ்ச் சொல் குழப்பம் செய்தது?

ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர், சென்னை

*

வணக்கம்.

நான் இலங்கையின் வடக்கிலே சாதாரண தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். இந்தச் சிக்கல் எங்களுக்கு இல்லை. எங்கள் புத்தகத்தில் 'எழுமாற்றுப் பரிசோதனை' என்று இருக்கும். பந்துக் கணக்கிலே 'எழுமாறாக ஒரு பந்து எடுக்கப்படுகின்றது' என்று வரும். பேச்சிலும் எங்கட பெரியாக்கள், ஒரு யோசனையும் இல்லாமல் செய்கிறதை 'எழுந்தமானமாகச் செய்யிறான்' என்பினம். பிள்ளைகளுக்குக் காது பழகின சொல்.

நீங்கள் கூறுவெளி என்பதை நாங்கள் மாதிரிவெளி என்போம். அதை நெய்யரியிலே, அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறின கட்டத்திலே, குறிக்கப் பழக்குகிறோம். ஆறு பக்கத் தாயக்கட்டை இரண்டு என்றால் ஆறுக்கு ஆறு, 36 புள்ளி. தலம்பேர் செய்த பிழையைப் பிள்ளை செய்யாமல் பார்க்க நெய்யரி போல ஒன்றில்லை. புள்ளியை எண்ணினால் சரி.

இன்னொன்று. நீங்கள் 'சீரான நாணயம்' என்கிறீர்கள், நாங்கள் 'கோடாத நாணயம்' என்கிறோம். இரண்டையும் ஒரே குறளில் பார்க்கலாம் (118):

சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி.

உங்கட சீரும் எங்கட கோடாமையும் அதிலே கிடக்குது. வாத்தியார் ஐயா முறைப்பாடு செய்கிற 'சம'வும் முதல் சீரிலேயே நிற்குது.

*

அனைவருக்கும்,

மென்பொருள் தமிழாக்கம் செய்கிறவன், குறுக்கே வருகிறேன். எங்கள் பக்கம் கதை இன்னும் மோசம். நாங்கள் ரேண்டம் என்பதற்கு 'சீரற்ற' என்று போட்டுப் பல வருடமாகிறது. சீரற்ற எண், சீரற்ற வரிசை. சிலர் 'தற்போக்கு' என்கிறார்கள். இப்போது வாத்தியார் வகுப்பில் சீரான நாணயம் என்றால் ஒரு பக்கமாகச் சாயாதது. அப்படியானால் சீரற்ற நாணயம் என்பது சாய்கிறது. அதே பையன் கணினிப் பாடத்தில் சீரற்ற எண் என்று படித்தால்? எந்தப் பக்கமும் சாயாமல் வருவது என்று பொருள். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள். 'சீரற்ற'வை நாங்கள் விட்டுவிடத் தயார், பதிலுக்கு ஒன்று கொடுங்கள்.

*

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும்,

ஐயா சொன்னது சரிதான், பந்துக்குச் சமவாய்ப்பு உண்டு. தலம்பேரையும் ஒப்புக்கொள்கிறேன். தானாகவே தடுக்கி விழுகிற இடத்தில் நாமும் ஏன் வாழைப்பழத்தோலைப் போட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நேற்று வகுப்புக்கு ஒரு சோழி கொண்டுபோனேன். வீட்டில் பல்லாங்குழிப் பெட்டியில் கிடந்தது. "இதைப் போட்டால் என்ன விழும்?" வாய் மேலே, அல்லது வாய் கீழே. விளைவுகள் இரண்டு, எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "அப்படியானால் இது சமவாய்ப்புச் சோதனையா?" எல்லோரும், "ஆமா சார்." "வாய் மேலே விழ நிகழ்தகவு?" எல்லோரும், "1/2 சார்." சரி, போடுங்கள் என்று கொடுத்தேன். பெஞ்சு பெஞ்சாகப் போட்டுக் கரும்பலகையில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு பக்கம் கோடுகள் நீண்டுகொண்டே போக, இன்னொரு பக்கம் பின்தங்கியே நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், சோழி போங்காட்டம் ஆடுது!"

சோழியின் முதுகு உருண்டை, வயிறு தட்டை. அது எப்படிப் பாதிக்குப் பாதி விழும்? விளைவு இரண்டு என்றதும் பாதி என்று எழுதுகிற பழக்கத்தைச் சோழி ஒரே பீரியடில் உடைத்துவிட்டது. ஆனால் சொல் உடையவில்லை. புத்தகத்தின் வரையறைப்படி சோழி போடுவதும் 'சமவாய்ப்புச் சோதனை'தான். சமமில்லாத வாய்ப்புள்ள ஒன்றைச் சமவாய்ப்பு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு அது சமம் இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

ஆக ஒரே சொல்லில் இரண்டு சரக்கு இருக்கிறது. முடிவு தெரியாத சோதனை ஒன்று. சோழி, நாணயம், நாளைய மழை எல்லாம் அதில் அடங்கும். பையிலிருந்து ஓரவஞ்சனை இல்லாமல் எடுப்பது இன்னொன்று. அங்கே ஒவ்வொரு பந்துக்கும் உண்மையிலேயே சம வாய்ப்பு. இரண்டாவதற்குச் 'சம' பொருந்தும், முதலாவதற்குப் பொருந்தாது.

எழுமாறு எனக்கு மிகவும் பிடித்த சொல். அக்கரை ஆசிரியர் கோபிக்க வேண்டாம், எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது காதில் வேறு மாதிரி விழுகிறது. விழா மேடையில் 'அனைவரும் எழுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்றுதான் கேட்டிருக்கிறான். 'எழுமாறாக ஒரு பந்து' என்றேன், ஒருத்தி சிரித்துக்கொண்டே எழுந்து நின்றாள்.

என் முன்மொழிவு புதுச்சொல்கூட இல்லை. உள்ள சொல்லில் ஒன்றைக் கழிக்கிறேன்: சமவாய்ப்புச் சோதனை மைனஸ் சம. வாய்ப்புச் சோதனை. 'சம வாய்ப்பு' என்பதை உண்மையிலேயே சமமாக உள்ள இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

*

வாத்தியாரே, வாய்ப்புச் சோதனை என்றால் சினிமாவில் சான்ஸ் கேட்டுப் போகிறவனுக்குக் கேமரா முன்னால் வைப்பார்களே, அதுவா? சும்மா கேட்டேன். சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் சிக்கல் தீரவில்லை. 'வாய்ப்பு எண்' என்று திரையில் போட்டால் யாருக்குப் புரியும்? நான் எழுமாற்று எண்ணுக்கு மாறிவிடலாம் என்று பார்க்கிறேன். எழுந்து நிற்கிறவர்கள் நிற்கட்டும்.

(மென்பொருள் தமிழாக்கக்காரன்)

*

நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன், உங்கள் அளவுக்குக் கணக்கு தெரியாது. ஏழாம் வகுப்பில் நான் 'பார்க்காமல் ஒரு பந்தை எடு' என்றுதான் சொல்கிறேன். துணிப்பைக்குள் கையை விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு எடுப்பார்கள். பந்து எல்லாம் ஒரே அளவா, ஒன்று மட்டும் சொரசொரப்பா என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். சொரசொரப்பான பந்து கைக்குத் தெரிந்துவிடுமாம். 'சமவாய்ப்பு முறையில்' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. பெரிய வகுப்புக்கு ஒரு சொல் தேவை என்றால் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆனால் 'பார்க்காமல்' என்பதைத் தூக்கிவிடாதீர்கள்.

*

தம்பிக்கு மறுபடி,

சோழிக்கு நான் தோற்றேன். வாய்ப்புச் சோதனை இருக்கட்டும். தேர்வுத்தாளில் பழைய சொல்தான் வரும் என்பதால் பிள்ளைகளுக்கு அதையும் ஒரு முறை காட்டிவிடுங்கள், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாயும் நாணயத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? அதை ஒருவரும் முடிக்கவில்லையே.

*

ஐயா, அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 'கோடாத'வின் எதிர்ச்சொல் 'கோடிய'. வள்ளுவர் துணை இருக்கிறது, அக்கரையும் சம்மதிக்கும். கரும்பலகையில் 'கோடிய நாணயம்' என்று எழுதினேன். "கோடி ரூவா காயினா சார்?" என்று ஒருவன். "கோடு போட்ட நாணயம்டா" என்று பக்கத்தில் இருந்தவன் அவனைத் திருத்துகிறான். 'சாய்வான நாணயம்' என்றால் ஆயத்தொலை வடிவியலில் சாய்வு வந்து நிற்கிறது. 'சார்புள்ள' என்றால் சார்பும் சார்பிலா நிகழ்ச்சிகளும் சண்டைக்கு வரும். 'கள்ள நாணயம்' செல்லாக்காசு ஆகிவிடும். பிள்ளைகள் வாயில் வருவது 'போங்கு நாணயம்'. எனக்கும் அதுதான் மனதுக்கு ஒத்துப்போகிறது, அச்சில் போடத் தைரியம் இல்லை. இப்போதைக்குத் தாளில் 'ஒரு பக்கம் அதிகம் விழும் நாணயம்' என்று நீட்டி எழுதிவிட்டேன்.

திருத்திய தாளைக் கீழே தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஜெராக்ஸுக்குப் போக வேண்டும்.

1. ஒரு பையில் ஒரே அளவுள்ள 5 சிவப்பு, 3 நீலப் பந்துகள். பார்க்காமல் ஒன்றை எடுக்கிறோம். (அ) எட்டுப் பந்துகளுக்கும் சம வாய்ப்பா? (ஆ) இரண்டு நிறங்களுக்கும் சம வாய்ப்பா? (இ) சிவப்பு வர நிகழ்தகவு காண்க.

2. மேலே எடுத்த பந்தைத் திரும்பப் போடாமல் இன்னொன்றையும் எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு காண்க. மர வரைபடம் வரைக.

3. ஒரு நாணயம் தலை விழுவதற்கு, பூ விழுவதைப் போல இரண்டு மடங்கு வாய்ப்புள்ளது. ஒரு முறை சுண்டுவது வாய்ப்புச் சோதனையா? தலை விழ நிகழ்தகவு என்ன?

4. தாயம் ஆடும்போது இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டுகிறோம். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: 1, 2, 3, ஒன்று வெற்று. வெற்றுக்கு 0 என்க. கட்டைகள் சீரானவை. தாயம் (1) விழ நிகழ்தகவு என்ன? 3 விழ என்ன? 1 முதல் 6 வரை எல்லா எண்களின் நிகழ்தகவுகளையும் கண்டு, கூட்டினால் 1 வருகிறதா எனச் சரிபார்க்க.

*

வாத்தியார் ஐயா,

முதல் மூன்றும் போட்டுப் பார்த்தேன்: 5/8, 5/14, 2/3. நாலாவதுக்கு நெய்யரி கீறினேன், நாலுக்கு நாலு, 16 புள்ளி. தாயத்துக்கு 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. கூட்டினால் 15/16தான் வருது.

*

தம்பி, இரண்டும் வெற்றாய் விழுந்தால் பன்னிரண்டு. என் அப்பத்தா அதைப் போட்டால் தெருவே எழுந்து நிற்கும், நீங்கள் தாளில் விட்டுவிட்டீர்களே! ஜெராக்ஸ் எடுப்பதற்குள் சேர்த்துவிடுங்கள்.

(ஏழாம் வகுப்பு டீச்சர்)